டர்பனில் திருமணப் படக்காரரின் வாரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் அலுவலக வேலையில் இருக்கும் ஓர் இளைஞர் கேட்டிருப்பது இது: “என்னிடம் நல்ல கேமரா இருக்கிறது. உறவினர் வீட்டு விசேஷங்களில் நான் எடுக்கும் படங்களை எல்லாரும் பாராட்டுகிறார்கள். வேலையை விட்டுவிட்டுத் திருமணப் புகைப்படத் தொழிலுக்கு வரலாமா? சனி, ஞாயிறு மட்டும்தானே வேலை? மற்ற ஐந்து நாளும் என்ன செய்வீர்கள்?”

வரலாம். ஆனால் முதலில் அந்த ஐந்து நாள்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வர வேண்டும். உறவினராகப் படம் எடுப்பவர் கிடைத்ததை எடுக்கிறார். கிடைக்காததை யாரும் கேட்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு எடுப்பவரிடமோ கிடைக்காத படத்தைத்தான் முதலில் கேட்பார்கள். தாலி ஒருமுறைதான் கட்டப்படுகிறது. “இன்னொரு முறை கட்டுங்கள், முகம் மறைந்துவிட்டது” என்று மணமகனிடம் சொல்ல முடியாது. இரண்டு கேமரா வைத்திருப்பது, முன்கூட்டியே மண்டபத்தைப் போய்ப் பார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, இரவோடு இரவாகப் படங்களை நகலெடுப்பது எனக் கீழே நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். நம்முடைய வருமானத்தைத் தீர்மானிப்பது ஆங்கில நாட்காட்டியும் தமிழ் நாட்காட்டியும் ஒன்றன்மேல் ஒன்று விழும் விதம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. கோவில்களில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் காலம், திருமணம் வைக்கமாட்டார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் புரட்டாசி. தமிழ் பேசத் தெரியாத குடும்பங்கள்கூட இந்நாட்டில் புரட்டாசி விரதத்தை விடாமல் காக்கின்றன என்பதால் அந்த மாதமும் போயிற்று. டிசம்பர் 16 இங்கே பொது விடுமுறை. பள்ளிகளும் தொழிற்கூடங்களும் அதையொட்டியே மூடப்பட, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உறவினர் வந்து சேர்கிறார்கள். சரியாக அப்போதுதான் மார்கழி பிறக்கிறது. ஆகவே நவம்பர் கடைசி வாரத்துக்கும் மார்கழி பிறப்புக்கும் இடைப்பட்ட சில வார இறுதிகளில் எல்லாத் திருமணங்களும் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நிற்கும். அந்த நாள்களுக்கான முன்பதிவு ஓராண்டுக்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம். மாதச் சம்பளத்துக்குப் பழகியவர், மூன்று மாதம் வருமானம் மெலிந்திருக்கும் ஓர் ஆண்டை எப்படி ஓட்டுவார் என்பதைக் கேமரா வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி வார நாள்கள். திருமணத்துக்கு முந்தைய வாரங்களில் இரு வீட்டாரையும் சந்திக்க வேண்டும். மணமக்களை மட்டும் சந்தித்துவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. அவர்களுக்குத் தெரிந்தவை உடையின் நிறமும் பிடித்த பாடலும். பெண்ணின் தாய்மாமன் யார், மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப் போவது யார், ஆரத்தி எடுக்கப் போகிறவர்கள் யார், ஒருவரோடொருவர் பேசாத சகோதரர்கள் எவர் என்பவையெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியம்மாவுக்கோ அத்தைக்கோதான் தெரியும். அந்த அம்மாளைக் கண்டுபிடித்து அவரோடு தேநீர் குடித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, சடங்கு நடத்துபவரோடு பேச வேண்டும். இங்குள்ள தமிழ்த் திருமணங்கள் எல்லாம் ஒரே வரிசையில் நடப்பதில்லை. தெலுங்குக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்யும்போது சீரகமும் வெல்லமும் தலையில் வைக்கும் சடங்கு நுழைகிறது. சில சைவக் குடும்பங்களில் தமிழ்த் திருமுறை ஓதி மிகச் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். சிலர் ஹோமத்துக்கு முன் தாலி கட்டுகிறார்கள், சிலர் பின். விருந்தினருக்காக ஒவ்வொரு சடங்கின் பொருளையும் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் விளக்கும் பழக்கம் நம் குருக்களிடம் உண்டு. அந்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே எடுத்துவிடலாம் என்று நம்பிவிடாதீர்கள். அவர் தாரைவார்ப்பதன் தத்துவத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் கீழே ஓடியிருக்கும்.

தாலி கட்டும் நேரத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குருக்கள் தாலியைத் தட்டில் வைத்து அவையினரின் ஆசிக்கு அனுப்புவார். அது சுற்றி வருவதற்குள் நீங்கள் உங்கள் இடத்தில் நின்றாக வேண்டும். மணமகன் எழுந்து குனியும்போது அவருடைய தோளும் கையும் மணமகளின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்து முற்றிலும் மறைத்துவிடும்; எந்தப் பக்கம் என்பது அவர் முன்னால் நின்று கட்டுகிறாரா பின்னால் நின்று கட்டுகிறாரா என்பதைப் பொறுத்தது. ஆகவே முந்தைய நாளே அதைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவது பல குடும்பங்களின் வழக்கம். அந்தச் சகோதரி எழுந்து வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் உங்கள் லென்ஸுக்கு நேர் முன்னாலேயே இருக்கும். அவரிடம் முன்பே மெல்ல ஒரு சொல் சொல்லி, எந்தப் பக்கம் நிற்பது என்று காட்டி வைப்பதில் தவறில்லை. கெட்டிமேளம் முழங்கியதும் அட்சதை பறக்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் அனைவரும் கைப்பேசியை உயர்த்தியபடி எழுந்து நிற்பார்கள். மேடைக்குக் கீழே நிற்பவருக்கு அக்கணம் கைகளும் திரைகளும்தான் தெரியும். எனவே ஒருவர் மேடைமேல், பக்கவாட்டில், இன்னொருவர் அரங்கின் பின்பகுதியில் நீண்ட லென்ஸோடு என்று இருவர் நிற்க வேண்டும். வீடியோ எடுப்பவரோடு இடம் பிரித்துக்கொள்வதையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மேடைமேல் படக்காரர்கள் முழங்கையால் இடித்துக்கொள்வதைவிட அசிங்கமான காட்சி ஒரு திருமணத்தில் இல்லை.

அந்தக் கணத்துக்கு ஷட்டர் வேகம் விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருப்பது நலம், ஏனெனில் பறக்கும் அட்சதையும் முடிச்சிடும் விரல்களும் அசைந்துகொண்டே இருக்கும். ஃபிளாஷை நம்புபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: முழு வலிமையில் அடித்தால் அது மறுபடி நிரம்ப ஓரிரு விநாடி ஆகும், அந்த ஓரிரு விநாடியில்தான் மூன்றாம் முடிச்சு விழும். வலிமையைக் குறைத்து, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 1600 அல்லது 3200 வரை ஏற்றிக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. ஹோமப்புகை சூழ்ந்திருக்கும்போது ஃபிளாஷை நேராக அடித்தால் புகைதான் வெளுத்துத் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றி நூல்களில் படித்ததை இங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. வடக்கு நோக்கிய சாளரத்தின் ஒளி மென்மையானது என்று பழைய புகைப்பட நூல்கள் சொல்லும். அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகற்கதிரவன் நமக்கு வடக்கேதான் நிற்கிறான். ஆகவே மணப்பெண் அலங்காரத்தைப் படமெடுக்க மென்மையான ஒளி வேண்டுமென்றால் தெற்குப் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள். ஜூன் மாதத்தில் மாலை ஐந்து மணியைக் கடந்த சிறிது நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரிலோ ஏறக்குறைய ஏழு மணி ஆகும். “மாலை ஐந்தரைக்கு உம்ஷ்லாங்கா கடற்பாலத்தில் படம் எடுக்கலாம்” என்று ஜூன் மாதத் திருமணத்துக்குச் சொல்லிவிட்டால் இருட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும். அதே சமயம் குளிர்காலமே இங்கு மழை குறைந்த காலம். டிசம்பர் மாலைகளில் இடிமழைக்கு மாற்றிடம் ஒன்றை யோசித்து வைக்காமல் வெளியே போகக் கூடாது.

மண்டபத்துக்குள் வேறு வகைத் தொல்லை. அலங்காரக்காரர் மணவறையின் பின்னால் ஊதாவும் நீலமுமாக எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக வைத்திருப்பார். அவை கண்ணுக்கு அழகு, தோலுக்குக் கேடு. காலையில் அவரிடம் மரியாதையாகக் கேட்டு, முகூர்த்தம் முடியும்வரை முன்விளக்குகளை வெள்ளையாக மாற்றச் சொன்னால் பெரும்பாலோர் மாற்றித் தருவார்கள். இந்நாட்டின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது, மலிவான எல்.இ.டி. விளக்குகள் அதன் இருமடங்கு வேகத்தில் மினுக்குகின்றன. ஓசையில்லாமல் எடுக்க வேண்டும் என்று மின்னணு ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கருமை விழும். விநாடியில் நூறில் ஒரு பங்கு வேகத்தில் பட்டை மறையும், ஆனால் அட்சதை மங்கும். எனவே சடங்கின்போது இயந்திர ஷட்டரையே நம்புவது பாதுகாப்பானது.

சனிக்கிழமை மாலை நலங்கு. மண்டபத்தில் எடுப்பதைவிட இதில் எனக்கு விருப்பம் அதிகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையைப் பந்தலாக்கி, ஆயாவும் சித்தியும் மஞ்சள் பூச, பக்கத்துத் தெருப் பெண்கள் எல்லாம் கூடிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. மறுநாள் மேடையில் விறைத்து நிற்கப்போகும் மணமகள் இங்கே தம் சொந்த முகத்தோடு இருக்கிறார். மஞ்சள் கலந்த நீர் தெறிக்கும் இடத்தில் லென்ஸின் முன்கண்ணாடிக்கு ஒரு வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள். டர்பனின் ஈரக்காற்றில் குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிடும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்த பிறகு திறப்பதே வழி. அதே ஈரம்தான் லென்ஸுக்குள் பூஞ்சையையும் வளர்க்கிறது. காற்றுப்புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களும் இந்த ஊரில் ஆடம்பரமாகா.

குழுப்படங்களில் நேரம் வீணாவதுபோல் வேறெதிலும் வீணாவதில்லை. முதியோரை முதலில் எடுங்கள். சர்க்கரை நோயுள்ள தாத்தாவை வெறும் வயிற்றோடு நாற்காலியில் காக்க வைக்கக் கூடாது. மேடையை விட்டு இறங்குமுன், அதிகாரம் பெற்ற திருமண அலுவலர் முன்னிலையில் இரு சாட்சிகளோடு பதிவேட்டில் கையெழுத்திடும் நிகழ்வும் இருக்கலாம். சடங்கு மட்டும் இந்நாட்டின் சட்டப்படித் திருமணமாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால் அந்தப் படத்தைக் குடும்பங்கள் பிறகு தேடுகின்றன; பலரும் அதைப் பொருட்படுத்தாமல் அந்நேரத்தில் பந்திக்குப் போய்விடுகிறார்கள். (பந்தியைப் பற்றி ஒரு சொல்: காய்கறி பிரியாணியும் பருப்பும் தயிரும் தீர்ந்த பிறகே படக்காரர் நினைவுக்கு வருவார். உணவு எப்போது, எங்கே என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.)

ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் தூங்கப் போகக் கூடாது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் கேமராவையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கார்டு மட்டும் உள்ள கேமராவால் திருமணம் எடுப்பது பிறர் வீட்டு நிகழ்வை வைத்துச் சூதாடுவது. அன்றிரவே இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுத்து, மூன்றாம் நகலை வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ வேறொருவர் வீட்டிலோ வைக்க வேண்டும். 2023-இல் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மின்வெட்டு இருந்தது. நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் வட்டு கெட்ட கதைகளை அக்காலத்தில் இத்தொழிலில் இருந்த எவரும் சொல்வார்கள். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டாலும், கணினிக்கு மின்காப்புப் பெட்டி (யு.பி.எஸ்.) இல்லாமல் இருக்காதீர்கள். கார்டுகளைக் கேமராப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். பையைப் பறிகொடுத்தால் காப்பீடு புதிய கேமராவைத் தரும், முகூர்த்தத்தைத் தராது. அந்தக் காப்பீடும் தொழிற்பயன்பாட்டைக் குறிப்பிட்டு எடுத்ததாக இருக்க வேண்டும்; வீட்டுப் பொருள் காப்பீடு தொழிலுக்குப் பயன்படும் கருவிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

எத்தனை ஆண்டு படங்களைக் காப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய செய்தி. 2022 ஏப்ரலில் டர்பனைச் சூழ்ந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வீடுகளோடு ஆல்பங்களும் போயின. படங்களைக் காக்கும் கடமை முடிந்த பிறகும் அவற்றை அழிக்காமல் வைத்திருந்த படக்காரர்களை அப்போது மக்கள் தேடி வந்தார்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை நடப்பது தெரிவும் திருத்தமும். முழுநாள் திருமணம் ஒன்றில் இருவர் சேர்ந்து இரண்டாயிரம் முதல் நான்காயிரம் வரை எடுப்பது சாதாரணம். அவற்றில் சில நூறே குடும்பத்தின் கைக்குப் போக வேண்டும். கண் மூடிய படம், ஒரே காட்சியின் ஏழு நகல், சாப்பிடும்போது வாய் திறந்த மாமா எல்லாவற்றையும் களைய இரண்டு நாள் பிடிக்கும். பிறகு நிறம். பட்டின் சரிகை ஒளியைத் திருப்பி அடிப்பதால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். அதைச் சீர்செய்வது வேறு, முகத்தை வெளுப்பாக்குவது வேறு. “பெண்ணைக் கொஞ்சம் சிவப்பாக்கித் தாருங்கள்” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். தோலின் நிறத்தை வைத்து எங்கே வாழலாம், எங்கே படிக்கலாம் என்று சட்டம் எழுதிய நாட்டில் அந்த வேலையை நாமே கூலிக்குச் செய்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், படத்தின் பதிப்புரிமை பணம் கொடுத்தவருக்கே சேரும். பல நாடுகளில் இது நேர்மாறு. ஆகவே அயல்நாட்டு ஒப்பந்த மாதிரியை இறக்கிக் கையெழுத்து வாங்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முன்பதிவை நீக்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. நியாயமான கட்டணத்தை நாம் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் யாருக்காக முன்பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ அதுவும் கூடாது. “முன்பணம் எக்காரணத்தாலும் திரும்பாது” என்று அச்சடித்து வைத்திருப்பது பயனற்றது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் நடைமுறையில் கட்டாயமாகிவிட்டதால், பிள்ளைகளின் படங்களை விளம்பரத்துக்கு வெளியிடுமுன் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

ட்ரோனைப் பற்றிக் கேட்காத மணமக்கள் இல்லை. 2015 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, கூலிக்குப் பறக்கவிட ட்ரோன் ஓட்டுவதற்கான உரிமமும் இயக்குநர் சான்றிதழும் வேண்டும். அனுமதி இல்லாமல் ஆள்களுக்கு 50 மீட்டருக்குள்ளும் விமானத்தளத்துக்கு 10 கிலோமீட்டருக்குள்ளும் பறக்கவிடக் கூடாது. கிங் ஷாகா விமான நிலையம் டொங்காட்டுக்கும் வெருளத்துக்கும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்தால், அவ்வூர் மண்டபங்களின் மேல் ட்ரோன் விடுவதாகச் சொல்லும் எவரிடமும் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

திருமணம் இல்லாத வார இறுதிகளைக் கோவில் விழாக்கள் நிரப்பும். தைப்பூசக் காவடிக்கு அம்கேனி சாலைக் கோவிலிலும் கேட்டோ மேனர் கோவிலிலும், புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ ரயில் என்ற பகுதியின் மாரியம்மன் கோவிலிலும் கூடும் கூட்டத்தில் வேலை செய்வதற்கு வேறு ஒழுங்கு வேண்டும். கோவில் குழுவிடம் முன்னதாகவே அனுமதி பெறுங்கள். அலகு குத்தும்போதும் அருள் வந்து ஆடும்போதும் ஃபிளாஷை முகத்தில் அடிக்காதீர்கள். நீண்ட லென்ஸோடு விலகி நில்லுங்கள். பக்தரின் வேண்டுதல் அவருக்கும் அம்மனுக்கும் இடையில் உள்ளது. அவரே கேட்டால் அவருக்குப் படத்தைத் தரலாம். கேட்காமல் முகத்தை விளம்பரத்தில் போடக் கூடாது. செருப்பில்லாமல் தார்ச்சாலையில் தேரோடு நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஜனவரி வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீங்கள் கேட்கும் தொகையிலிருந்து உடன் வரும் படக்காரரின் கூலி, ஆல்பம் அச்சு, பெட்ரோல், காப்பீடு, வரி, ஐந்தாறு ஆண்டுகளில் மாற்ற வேண்டிய கருவிகளின் தேய்மானம் ஆகியவற்றைக் கழித்து, மீதியைத் திருமணத்துக்குச் செலவான எல்லா மணி நேரத்தாலும் வகுத்துப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் ஒரு திருமணம் வந்தால் போகவும் வரவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதையும் அக்கணக்கில் சேருங்கள். உறவினர் விலை என்று ஒன்று இருக்கட்டும். அதை இரத்த உறவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் டர்பனில் விசாரித்துக்கொண்டே போனால் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் உறவினரே.

எனவே இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். அடுத்த ஆடி வருவதற்குள் அனுபவமுள்ள ஒருவரிடம் இரண்டாம் படக்காரராகச் சேர்ந்து, சம்பளம் குறைவென்றாலும் பந்தல்கால் நடுவதிலிருந்து பதிவேட்டுக் கையெழுத்து வரை உடன் இருந்து பாருங்கள். முதலில் அரங்கின் பின்பகுதியில் நீண்ட லென்ஸோடு நிற்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். மேடைமேல் நிற்பவர் எப்போது நகர்கிறார், யாரிடம் பேசுகிறார், எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். ஆடி பிறந்ததும் வேலை ஓயும்; எடுத்த படங்களை அவரோடு உட்கார்ந்து பார்த்து, எவை விடுபட்டன என்று கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதுவதா என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.